கோட்டோரத்தில் மூன்று குடைகள்

நாஞ்சில் ஐக்கியப் பந்துச் சங்கம் தோற்ற ஆட்டங்களுக்கெல்லாம் காரணம் பயிற்சியாளரே என்பதில் கமிட்டியாரிடையே ஒருநாளும் கருத்து வேறுபாடு எழுந்ததில்லை. எந்தப் பயிற்சியாளர் என்பதில் மட்டும் சில வேளை குழப்பம் வந்தது. ஏனென்றால், கொல்லம் ஆயிரத்து நூற்றொன்பதாம் ஆண்டில், தை பிறந்து மாசி முடிவதற்குள் சங்கம் மூன்று பயிற்சியாளர்களைக் கண்டுவிட்டது.

அந்த வட்டாரத்தில் பந்து உதைப்பதற்கு மாதச் சம்பளம் கொடுத்த சங்கம் அது ஒன்றுதான். அதை நம்பிப் பதினோரு பேர் தறியையும் வள்ளத்தையும் வயலையும் விட்டுவிட்டு நாகர்கோவிலுக்கு வந்திருந்தார்கள். கேடயப் போட்டியில் கடைசி இடம் பெறும் சங்கம் மறுவருஷம் ஆட முடியாது. ஆடாத சங்கத்துக்கு ஆட்டக்காரர்கள் தேவையில்லை. கமிட்டியாருக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்கள் ஆயுட்காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

ஒரு மனிதரை வேலையிலிருந்து நீக்குவது எப்படி என்று கமிட்டியாருக்குத் தெரியாது. அவர்களில் பெரும்பாலோர் திருச்சபைக் கமிட்டிகளில் இருந்து தலை நரைத்தவர்கள். சபையில் போதகரை யாரும் நீக்குவதில்லை. அவருக்கு மாற்றம் வரும். மாற்றம் வந்தால் பந்தல் போட்டு, மாலையிட்டு, வாழ்த்துப் பத்திரம் வாசித்து, கையில் ஒரு நல்ல குடையும் கொடுத்து வழியனுப்புவார்கள். அவர் பிரசங்கத்தில் வருஷக்கணக்காகத் தூங்கியவர்கள் அன்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பந்துச் சங்கமும் அதே ஒழுங்கைக் கைக்கொண்டது. கமிட்டியில் இருந்த இந்து அங்கத்தினர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். பந்தலும் பலகாரமும் உள்ள ஓர் ஒழுங்கை எதிர்க்க அவர்களுக்கு நியாயம் தோன்றவில்லை.

இதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. மாற்றமாகும் போதகர் போய்ச் சேர இன்னொரு சபை இருக்கும். சங்கத்திடம் இருந்ததோ ஒரே ஓர் அணி. சங்கத் தலைவர் வக்கீல் ஜஸ்டஸ் இதை நெடுநேரம் யோசித்து வழி கண்டார். பயிற்சியாளரை மைதானத்தின் உள்ளிருந்து மைதானத்தின் ஓரத்துக்கு மாற்றலாம். அவருக்குக் கோட்டோர ஆலோசகர் என்று பெயர். மேற்கு எல்லைக்கோட்டின் ஓரத்தில் அவருக்கு ஒரு பிரம்பு நாற்காலி. குடை ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

முதல் நாற்காலி ஜெயசிங்குக்கு. அவர் கொழும்பில் வெள்ளைக்காரர் பூட்ஸ் போட்டு ஆடுவதைக் கண்டவர். நம்மவர் தோற்பது வெறுங்காலால்தான் என்று சொல்லிப் பூட்ஸ் வரவழைத்தார். ஆட்டக்காரர்களின் காலைத் தொட்டு அளவெடுப்பது சங்கத்தின் கௌரவத்துக்குப் பொருந்தாது என்பதால் தலைவர் தம் பாதத்தையே அளவாகக் கொடுத்து உதவினார். தலைவர் பெரிய மனிதர். எல்லா ஜோடியும் பெரிய மனிதரின் அளவில் வந்தன. அடுத்த ஆட்டங்களில் பந்தைவிடப் பூட்ஸ் அதிக தூரம் போயிற்று.

இரண்டாவது நாற்காலி ரசலையனுக்கு. மெசப்பொட்டேமியா யுத்தத்துக்குப் போய் வந்தவர். பதினோரு பேரையும் கோல் கம்பத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார். எதிரி அடித்த பந்து நம்மவர் காலில் பட்டே உள்ளே போயிற்று. யார் காலில் என்று கண்டறிய அவர் நடத்திய விசாரணை முடிவதற்குள் அவருக்கு மாற்றம் வந்துவிட்டது.

மூன்றாவது நாற்காலியில் ஆறுமுகப்பெருமாள் ஆசான். திருவட்டாற்றுப் பக்கத்தில் வர்மமும் அடிமுறையும் சொல்லிக்கொடுத்தவர். ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் குப்புறப் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்து உழிச்சல் நடத்தினார். உடம்பு தளர்ந்தது; மனமும் தளர்ந்தது. கோல் காக்கும் கிருஷ்ணமணி இரண்டு கையாலும் பிடித்த பந்து விலாங்குபோல வழுக்கிக் கம்பத்துக்குள் போயிற்று.

இவர்களுடைய அனுபவம் வீணாகக் கூடாது என்று கமிட்டி ஒரு தீர்மானமும் நிறைவேற்றியிருந்தது. ஆட்டத்தின் நடுவே ஆலோசகர் ஓர் ஆட்டக்காரரைப் பெயர் சொல்லி விளித்தால், அவர் உடனே நின்று, ஆலோசகரை நோக்கித் திரும்பி, தலையசைத்துப் பின்னரே ஆட்டத்தைத் தொடர வேண்டும். தலையசைக்காதவர் அடுத்த ஆட்டத்தில் இல்லை.

பங்குனி தொடக்கத்தில் நான்காவது பயிற்சியாளராக ஜெபசீலன் வந்தார்.

அவர் இராஜாக்கமங்கலம் அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஒல்லியானவர், பேசுவதற்கு முன் ஒருமுறை விழுங்கிக்கொள்ளும் வழக்கமுள்ளவர். சங்கத்தின் செயலாளர் முத்துநாயகம் ஒருநாள் வில்வண்டியில் அவ்வழியே போனபோது, மைதானத்தில் ஏராளமான பிள்ளைகள் இமைகூடக் கொட்டாமல் அசையாது நிற்பதையும், அவர்கள் முன் ஜெபசீலன் கையை உயர்த்தி நிற்பதையும் கண்டார். இத்தகைய கட்டுப்பாட்டைத் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று கமிட்டியில் சொன்னார். உண்மையில் அப்போது வரிசையின் நடுவே ஒரு சாரைப்பாம்பு கடந்துகொண்டிருந்தது. இதை ஜெபசீலன் செயலாளரிடம் சொல்லத்தான் பார்த்தார். அவர் விழுங்கி முடிப்பதற்குள் மாலை கழுத்தில் விழுந்துவிட்டது.

முதல் நாள் மாலை அவர் ஊதலும் பந்துமாக மைதானத்துக்கு வந்தார். மைதானத்தில் பந்தல் நின்றது. வரவேற்புக் கூட்டம். இரண்டாம் நாள், முதல் வரவேற்புக்கு வர இயலாதவர்களுக்காக இன்னொரு கூட்டம். அடுத்து, கமிட்டியார் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்க் காப்பி குடித்து அறிமுகமாக வேண்டும் என்பது ஒழுங்கு. அரிசி வியாபாரி பகவதியப்பன் வீட்டில் காப்பிக்குப் பதில் சாப்பாடு போட்டார்கள். அந்த மாலையும் போயிற்று.

வீட்டில் அவர் மனைவி நேசம்மாள் மாலைகளை ஆணியில் மாட்டிக்கொண்டே இருந்தாள்.

"தெனமும் கழுத்துல மாலையோட வாறியளே, பந்து உதச்சியளா இல்லியா?"

"நாளைக்கு."

"நேத்தும் இதத்தான் சொன்னிய. வாடின பொறவு ஆட்டுக்காவது பிரயோசனப்படட்டு. இங்க கொண்டாங்க."

இப்படியே ஆட்ட நாள் வந்தது. ஜெபசீலன் தம் அணியை முதன்முதலாக ஆட்டத்தில்தான் கண்டார். கடலோரத்துக் காற்று வீசிய மாலை. ரப்பர்த் தோட்டத்து அணி எதிரே நின்றது. இடக்கோடியில் ஆடிய ஒருவன் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதை அவர் பார்த்தார். கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. அலை பின்வாங்கும்போது ஈர மணலில் ஓடும் நண்டுபோலப் பந்தோடு பக்கவாட்டில் விலகி, இரண்டு பேரைக் கடந்துவிட்டான். அந்த நொடியில் முதல் குடையின் கீழிருந்து குரல் வந்தது.

"மரியஜானே! பூட்ஸைப் போடு!"

அவன் நின்றான். திரும்பினான். தலையசைத்தான்.

"மரியஜானே! பின்னால வந்து காவல் நில்லு!" இது இரண்டாவது குடை.

தலையசைத்தான்.

"மரியஜானே மக்கா, தொடை இறுகிப்போச்சு, எண்ணெ இட்டியா?" மூன்றாவது குடை.

மூன்றாவது தலையசைப்பை முடித்து அவன் திரும்பியபோது தோட்டத்து அணியினர் மறுமுனையில் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் மரியஜான் கோல் கம்பத்தடியில் வந்து உட்கார்ந்தான். கடியப்பட்டணத்துக்காரன். அகன்ற தோளும் உப்புக் காற்றில் வெளிறிய முடியும் உள்ளவன். ஜெபசீலன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லா ஓடினே மக்கா."

"எங்க சார் ஓட விட்டாவ?" அவன் புல்லைப் பிடுங்கிப் போட்டான். "எனக்க வள்ளப் பங்க அண்ணன்கிட்ட விட்டுக்குடுத்துட்டு வந்தவன் நான். சங்கம் போச்சுன்னா நான் எங்க போவேன்? அண்ணன் கூப்புடுவான், வராதேன்னு சொல்லமாட்டான். ஆனா அவன் வள்ளத்துல நான் கூலியாத்தான் ஏறணும். எனக்க பெண்டாட்டி அதப் பாக்கணும்."

"இன்னும் ஒரு ஆட்டம் இருக்கு."

"கொல்லத்துக்காரனோட. போன வருஷம் கேடயம் எடுத்தவன் சார் அவன்."

"ஒரே ஒரு சாயங்காலம் பதினோரு பேரையும் வச்சுப் பந்து உதச்சாப் போதும் எனக்கு" என்றார் ஜெபசீலன். சொன்ன பிறகுதான் அது வாக்குறுதிபோல ஒலித்ததை உணர்ந்தார்.

மறுநாள் அவர் செயலாளர் முத்துநாயகத்தைப் பார்க்கப் போனார். முத்துநாயகம் தாலுகா கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரும் எதையும் கேட்டால் உடனே முகம் மலர்ந்து உட்காரச் சொல்வார்.

"இரியும் மாஸ்டரே. என்ன காரியம்?"

"ஒரு சாயங்காலம் பயிற்சி நடத்தணும். மைதானத்துல ஒண்ணும் இல்லாம. பந்து மட்டும்."

"பயிற்சியா?" முத்துநாயகம் அந்தச் சொல்லைச் சற்று நேரம் வாயில் வைத்துப் பார்த்தார். "நல்ல யோசனை. இதுவரை வந்தவரு ஒருத்தரும் கேக்கல்ல பாத்துக்கிடும். கமிட்டியில வைக்கணும்."

"கமிட்டி எப்போ கூடும்?"

"கமிட்டி கூடியாச்சு. அடுத்தது சித்திரையில."

"கடைசி ஆட்டம் பங்குனியிலல்லா சார்?"

"அது ஆட்டக்காரங்க காரியம்."

ஜெபசீலன் விழுங்கிக்கொண்டார். "அந்த நாற்காலிகளைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா... இல்லேன்னா அந்தத் தலையாட்டுற தீர்மானத்தை மட்டும்..."

முத்துநாயகத்தின் முகம் இன்னும் மலர்ந்தது. அது நல்ல அறிகுறி அல்ல.

"ஓய் மாஸ்டரே, நான் முப்பது வருஷம் கச்சேரியில இருந்தவன். ஒரு தீர்மானத்துனால காரியம் கெட்டுப்போச்சுன்னு வையும். அப்போ காரியத்தத்தான் மாத்தணும். தீர்மானத்துல கை வச்சா, நாளைக்கு எவனாவது வந்து எல்லாத் தீர்மானத்திலயும் கை வைப்பான். பொறவு கமிட்டின்னு ஒண்ணு எதுக்கு? பந்து உதைக்கதுக்கா?"

மைதானம் ஒழிந்து கிடந்த ஒரே மாலையில் வரவேற்புப் புகைப்படம் எடுப்பது என்று ஏற்பாடாகியிருந்தது. கோட்டாற்றிலிருந்து படக்காரர் வந்து முக்காலியை நாட்டிக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். கமிட்டியார் முன்வரிசையில் நாற்காலிகளில். அவர்களுக்கு இருபுறமும் ஆலோசகர்கள், விரித்த குடைகளோடு. வெயில் இறங்கிவிட்டது, குடைகளை மடக்கலாம் என்று படக்காரர் கேட்டுப்பார்த்தார். மடக்கினால் ஆலோசகர் என்று எப்படித் தெரியும் என்று ஜெயசிங் கேட்டார். படக்காரர் மறுபடி கறுப்புத் துணிக்குள் புகுந்துகொண்டார். ஆட்டக்காரர்கள் பின்னால் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தப்பட்டார்கள். ஜெபசீலன் மரியஜானுக்கும் கிருஷ்ணமணிக்கும் நடுவே நின்றார்.

"ஒருத்தரும் அசையாதீங்க!" என்றார் படக்காரர்.

அசையவில்லை. ஆனால் பகவதியப்பன் இன்னும் வந்து சேரவில்லை. அவர் வரும்வரை அப்படியே நிற்பது என்று தலைவர் முடிவு செய்தார். கலைந்தால் மறுபடி இந்த ஒழுங்கு கிடைக்காது. வானம் மெல்ல மெல்ல மாம்பழ நிறத்துக்கு வந்தது. பக்கத்து வயலில் கொக்குகள்கூட அசையாமல் நின்றன. ஜெபசீலனுக்கு அப்போதுதான் தோன்றியது. பதினோரு பேரும் தம்முடன் இருக்கிறார்கள். யாரும் எங்கும் போக முடியாது. இனி இப்படி ஒரு மாலை வராது.

அவர் உதட்டை அசைக்காமல் பேச ஆரம்பித்தார்.

"மரியஜானே, திரும்பாதே. கொல்லத்து அணியில வலப்பக்கம் காவல் நிக்கவன் தடியன். திரும்புகதுக்கு நேரமாவும். நீ அவனுக்க வெளிப்பக்கமா ஓடு."

"பூட்ஸ் சார்?" மரியஜானும் உதட்டை அசைக்கவில்லை.

"கழட்டிக் கம்பத்துக்குப் பின்னால போட்டுரு. கிருஷ்ணமணி, நீ கையில மண்ணு பூசிக்கோ. எண்ணெ வேண்டாம். பந்து கிடைச்சா யாருக்கு அடிப்பே?"

"முன்னால நிக்கவனுக்கு."

"இல்ல. நீட்டி இடக்கோடிக்கு. இவன் அங்க இருப்பான்."

"அவன் அங்க இல்லேன்னா?"

"இருப்பேன் லே" என்றான் மரியஜான்.

"பின்னால நிக்கவனுக, கோல் முன்னால கூட்டம் கூடாண்டாம். பரந்து நில்லுங்க, களத்துல நெல்லு காயப் போட்டமாதிரி. கேக்குதா?"

பின்வரிசை முழுவதும் ஓர் "உம்" ஓடிற்று. முன்வரிசையில் தலைவர், பக்கத்து ஆலமரத்தில் வண்டு இருக்கிறதா என்று செயலாளரைக் கேட்டார்.

"எல்லாஞ் செரி சார்" என்றான் மரியஜான். "குடை விளிச்சா திரும்பணுமே. தீர்மானமல்லா?"

ஜெபசீலன் விழுங்கிக்கொண்டார். "அதுக்கு மட்டும் எனக்கு வழி தெரியல்ல மக்கா."

பகவதியப்பன் வந்தார். ஜெபசீலன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் எடுக்கப்பட்டது. பின்னால் கழுவிப் பார்த்தபோது எல்லோரும் தெளிவாக விழுந்திருந்தார்கள். ஜெபசீலனுக்கு மட்டும் வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறை இருந்தது. அது படக்காரரின் குறை அல்ல.

கடைசி ஆட்டத்தன்று காலையில் முத்துநாயகம் ஜெபசீலனின் வீட்டுக்கு வந்தார். கையில் மஞ்சள் விளிம்பிட்ட அச்சடித்த அழைப்பிதழ்.

"சாயங்காலம் குடும்பத்தோட வந்து சிறப்பிக்கணும்."

ஜெபசீலன் படித்தார். அது அவருடைய வழியனுப்பு விழா.

"எனக்கு மாற்றமா?"

"தலைவருக்க யோசனை. இண்ணைக்குத் தோத்தா கமிட்டி என்ன செய்துதுன்னு ஊரு கேக்கும். தோத்த பொறவு மாத்தினா, ஏன் முன்னாலயே மாத்தல்லன்னு கேக்கும். முன்னாலயே மாத்தினா, ஆட்ட நேரத்துல ஏன் மாத்தினாங்கன்னு கேக்கும். அதனால பாதி ஆட்டத்துல மாத்தலாம்னு ஏகமனதா முடிவாச்சு. ஒருத்தனும் ஒண்ணும் கேக்க முடியாது. பந்தல்காரனுக்கும் இண்ணைக்குத்தான் ஒழிவு."

"கமிட்டி சித்திரையிலதான் கூடும்னு சொன்னியளே."

"அது பயிற்சி சம்பந்தமான காரியங்களுக்கு" என்றார் முத்துநாயகம். நேசம்மாளைப் பார்த்து, "அம்மையும் கட்டாயம் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேசம்மாள் ஆணியைப் பார்த்தாள். அதில் இடமில்லை.

மைதானத்தின் தெற்குக் கோடியில் பந்தல் போட்டிருந்தார்கள். மேடை தெற்கு நோக்கியது. மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய வெல்வெட்டுத் திரை. திரைக்கு அப்பால் மைதானம். முதல் பாதி வழக்கம்போல நடந்தது. மரியஜான் நான்கு தடவை பந்தோடு கிளம்பி நான்கு தடவையும் நின்று திரும்பித் தலையசைத்தான். கொல்லத்துக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். அவர்களுடைய தலைவன் நல்ல மனிதன், ஒருமுறை, "நீங்கள் தலையசைத்து முடிக்கும்வரை காத்திருக்கவா?" என்று மரியாதையாகக் கேட்டான்.

பாதி ஆட்டத்து ஊதல் ஒலித்ததும் பேண்டு முழங்கிற்று. நடுவர், கொல்லத்து அணியினர் எல்லோரும் பந்தலுக்கு அழைக்கப்பட்டார்கள். விருந்தாளிகள் ஆயிற்றே. ஒவ்வொருவர் கழுத்திலும் மாலை விழுந்தது. முன்னால் வாழையிலை விழுந்தது. முந்திரிக்கொத்து, சுவியம், நேந்திரம்பழம், கருப்பட்டி போட்ட காப்பி. வேண்டாம் என்றவர்களின் இலையில் பகவதியப்பன் தம் கையாலேயே வைத்தார். பாதி ஆட்ட இடைவேளை ஐந்து நிமிஷமே என்று நடுவர் மெல்லச் சொன்னார். அந்த ஐந்து நிமிஷம் நன்றியுரைக்குப் பிறகு தொடங்கும் என்று தலைவர் சட்டப்படி விளக்கினார்.

சங்கத்து ஆட்டக்காரர்களுக்குப் பந்தலில் இடம் போதவில்லை. அவர்கள் மைதானத்திலேயே நின்றார்கள்.

தலைவர் ஜஸ்டஸ் எழுந்தார்.

"மகா ஜனங்களே! ஸ்ரீமான் ஜெபசீலன் அவர்கள் நம்மிடம் வந்து சொற்ப காலமே ஆகிறது. அவர் என்ன செய்யக்கூடியவர் என்பதை அறிய நாம் ஒரு நாள்கூட அவகாசம் கொடுக்கவில்லை. ஆகவே அவர்மேல் யாரும் குற்றம் காண முடியாது. இப்படிக் களங்கமற்ற நிலையிலேயே ஒருவரை மாற்றுவது எவ்வளவு பெரிய கருணை! சங்கம் தோற்றிருக்கலாம். கமிட்டி தோற்றதில்லை. இந்தப் பருவத்தில் நாம் கொண்டுவந்த அத்தனை தீர்மானங்களும் ஏகமனதாக வென்றிருக்கின்றன. வேறு எந்தச் சங்கம் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்? ஆட்டக்காரர் வருவார், போவார். பயிற்சியாளர் வருவார், ஓரமாகப் போவார். நாங்கள் இருப்போம்."

கைதட்டல் அடங்கியதும் அடுத்த பயிற்சியாளரின் பெயரை அறிவித்தார். ஜெயசிங். முதலில் மாற்றப்பட்டவர். கோட்டோரத்தில் இவ்வளவு காலம் உட்கார்ந்து ஆட்டத்தைக் கூர்ந்து கவனித்த அனுபவம் வேறு யாருக்கு உண்டு? ஜெயசிங் கண்கலங்கி எழுந்து, தம் குடையை மடக்கித் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் அதை ஜெபசீலனிடம் கொடுத்தார். புதுக்குடை வாங்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனதை எல்லோரும் தெய்வச் செயல் என்றார்கள். அதில் ஒரு கம்பி வளைந்திருந்தது.

பின்னர் ஆலோசகர்களின் வாழ்த்துரை. ரசலையன் யூப்ரட்டீஸ் நதிக்கரையிலிருந்து தொடங்கினார். அவர் பாக்தாதை அடைவதற்குள் நடுவர் இரண்டு தடவை மேற்கே சூரியனைப் பார்த்தார். மூன்றாவது தடவை மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போய் ஊதினார். கொல்லத்துக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

பந்தலில் சலசலப்பு உண்டாயிற்று. முத்துநாயகம் கையமர்த்தினார்.

"ஆட்டம் அது பாட்டுக்கு நடக்கட்டும். அதுக்காக நிகழ்ச்சிய நிப்பாட்ட முடியாது."

இவ்வாறு, அந்தப் பருவத்தில் முதல் தடவையாக மேற்குக் கோட்டோரத்தில் ஒருவரும் இல்லை. மூன்று நாற்காலிகள் வெறுமனே கிடந்தன. ஒன்றில் ஒரு காகம் உட்கார்ந்தது. அது யாரையும் விளிக்கவில்லை.

ஜெபசீலன் மேடையில், கழுத்தில் மாலையும் மடியில் குடையுமாக, மைதானத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பினால் வெல்வெட்டுத் திரைதான் தெரியும். திரும்புவதும் மரியாதை அல்ல. அவருக்கு வாழ்த்துப் பத்திரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கருணைக் கடலே, கட்டுப்பாட்டின் சிகரமே என்று அது போயிற்று. அவர் காதை மட்டும் பின்னால் விட்டிருந்தார்.

பந்து தரையில் படும் ஓசை. காலில் படும் ஓசை. பூட்ஸில் பட்டால் மரத்தில் தட்டியதுபோல இருக்கும். இது அப்படி இல்லை. இது வெறும் பாதத்தின் ஓசை, ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல. கழற்றிவிட்டான். கிருஷ்ணமணியின் குரல், "நீட்டி விடுகேன்!" பிறகு நெடுநேரம் எந்த ஓசையும் இல்லை. பந்து ஆகாயத்தில் இருக்கிறது. வானமே மூச்சைப் பிடித்துக்கொண்ட அந்த இடைவெளியில், கண்ணை மூடி, இடக்கோடியில் ஒருவன் அலைக்கும் கரைக்கும் நடுவே ஓடுவதை ஜெபசீலன் கண்டார். இலையில் விழுந்ததையெல்லாம் உண்ட ஒரு தடியன் திரும்ப முயல்வதையும் கண்டார். வேலிக்கு அப்பால் நின்று பார்த்த சனத்தின் ஆரவாரம் திரையை உப்பவைத்தது.

"அமைதி! அமைதி!" என்றார் முத்துநாயகம்.

ஆறுமுகப்பெருமாள் ஆசான், மனித உடம்பில் உள்ள வர்மங்களைத் தலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தார். அவர் முழங்காலை நெருங்கும்போது திரை இன்னொரு தடவை உப்பியது. ஜெபசீலனின் கைகள் குடையின் பிடியை நெரித்தன. எந்தப் பக்கத்துக் கோல்? யார் போட்டது? எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேசம்மாளைப் பார்த்தார். அவளுக்கும் தெரியவில்லை. அவளும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நன்றியுரையின் நடுவில் மரியஜான் பந்தலுக்குள் நுழைந்தான். வெறுங்கால், முழங்கால்வரை செம்மண். நேரே மேடையடிக்கு வந்து நின்றான். செயலாளர் முகம் சுளித்தார்.

"சார்" என்றான். மூச்சு வாங்கியது. "ரண்டு. ரண்டும் நாந்தான். முடிஞ்சுது. செயிச்சாச்சு."

ஜெபசீலன் விழுங்கினார்.

"கண்டியளா சார்?"

"இல்ல மக்கா. கேட்டேன்."

தலைவர் மறுபடி எழுந்தார். புதிய பயிற்சியாளர் ஸ்ரீமான் ஜெயசிங் பொறுப்பேற்ற ஒரு மணி நேரத்துக்குள் சங்கம் தன் முதல் வெற்றியை அடைந்துவிட்டது என்றும், உரிய நேரத்தில் உரிய மாற்றத்தைச் செய்வதில் கமிட்டிக்கு உள்ள தீர்க்கதரிசனத்துக்கு வேறு சாட்சி வேண்டாம் என்றும் சொன்னார். பேண்டு முழங்கிற்று. மேடையை விட்டு அசையாதிருந்த ஜெயசிங் எழுந்து கைகூப்பினார். ஆணியில் இடமில்லாததால் நேசம்மாள் அன்றைய மாலையை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

சங்கம் கடைசிக்கு முந்தின இடத்தில் தப்பியது. சம்பளம் நிற்கவில்லை. மரியஜான் அண்ணனுடைய வள்ளத்தில் கூலியாக ஏறவில்லை. ஜெபசீலன் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போனார். கோட்டோர ஆலோசகராக அவருக்கு நாற்காலி ஒன்று உண்டு என்று செயலாளர் எழுதியபோது, போவதில்லை என்றுதான் நினைத்தார். மறு தை மாதம் முதல் ஆட்டத்தன்று வளைந்த கம்பிக் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

"மாலையா, குடையா, இண்ணைக்கு எதக் கொண்டு வருவிய?" என்று நேசம்மாள் கேட்டாள்.

"நான் ஒண்ணும் பேசமாட்டேன். அவன் ஓடுகதை ஒருதடவை முழுசாப் பாத்துட்டு வந்துருவேன்."

மேற்குக் கோட்டோரத்தில் மூன்று குடைகள் விரிந்தன. ஜெபசீலனின் இடப்பக்கம் ரசலையன், வலப்பக்கம் ஆசான். அவர்கள் ஒவ்வொரு பெயராக விளித்தார்கள். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். ஜெபசீலன் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

பிற்பகுதியில் இரண்டு ஆலோசகர்களும் ஒரே நேரத்தில் வெற்றிலை மடிக்கக் குனிந்தார்கள். அந்த நொடியில் பந்து மரியஜானிடம் வந்தது. அவன் கிளம்பினான். பந்தலில் கண்ணை மூடிக்கொண்டு பார்த்த அதே ஓட்டம். இல்லை, அதைவிட மேலானது. ஒருவனைக் கடந்தான். இன்னொருவனைக் கடந்தான். முன்னால் கோல் காவலன் மட்டுமே இருந்தான். அப்போதுதான் ஜெபசீலன் அவன் காலைக் கவனித்தார். ஜெயசிங்கின் பயிற்சி, தலைவரின் அளவில் மறுபடியும் பூட்ஸ். இடது பூட்ஸின் கயிறு அவிழ்ந்து புல்லில் இழுபட்டது.

"மரியஜானே! பூட்ஸ் மக்கா, பூட்ஸைக் கழட்டு!"

அது தம் குரல்தான் என்று தெரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

மரியஜான் நின்றான். மேற்கே திரும்பி, கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்து, விளித்தது எந்தக் குடை என்று தேடினான். கண்டுகொண்டான். தீர்மானப்படி, மிக மரியாதையாகத் தலையசைத்தான். பந்தை வேறொருவன் எடுத்துக்கொண்டு போனான்.

ரசலையன் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தம் நாற்காலியை ஜெபசீலனுக்குப் பக்கமாக நகர்த்திப் போட்டார்.

"இப்பந்தான் ஓய், ஒமக்கு உத்தியோகம் பிடிபட்டிருக்கு" என்றார்.